பக்கவாட்டு முகமும் அறிவின் அடையாளமும்



அறிஞரின் முகத்தைப் பக்கவாட்டில் காட்டும் வழக்கம் ஐரோப்பியக் கலையில் நெடுங்காலம் நிலவியது. அதன் வேர் உரோமானிய நாணயங்களில் உள்ளது. உலோகப் பரப்பில் நெற்றி, மூக்கு, தாடை ஆகியவற்றின் விளிம்புக்கோடே ஒருவரை எளிதில் அடையாளம் காட்டும். ஆகவே, பேரரசர்களின் தலை அவ்வாறு பொறிக்கப்பட்டது. பழங்கலையைப் போற்றிய இத்தாலியர் 15ஆம் நூற்றாண்டில் அம்முறையை மீட்டெடுத்தனர்.

அக்காலப் பதக்கக் கலைஞருள் தலைசிறந்தவர் பிசனெல்லோ. அவர் மன்னர்களுக்கு மட்டுமன்றி, விட்டோரினோ என்னும் பள்ளி ஆசிரியருக்கும் பதக்கம் வார்த்தார். விட்டோரினோ 1423ஆம் ஆண்டு மாந்துவா நகரில் பள்ளி தொடங்கி, பிரபுக்களின் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தவர். பேரரசர்க்கு உரியதாயிருந்த கோலம் ஓர் ஆசிரியருக்கும் வாய்த்தது.

அவருடைய மாணவர் உர்பினோ நகரின் ஆட்சியாளர் பெதெரிகோ. பெரும் நூலகம் அமைத்த அவரைப் பியரோ தெல்லா பிரான்செஸ்கா பக்கவாட்டில் வரைந்தார். அந்தக் கோலம் போட்டி ஒன்றில் அவர் இழந்த வலக்கண்ணையும் மறைத்தது. பக்கவாட்டு முகம் காட்டுவதோடு மறைக்கவும் வல்லது என்பதற்கு இதுவே சான்று.

பின்னாளில் சிலர் இதனை மறந்தனர். சூரிக் நகரப் போதகர் லவாட்டர், 1775 முதல் 1778 வரை வெளியிட்ட நூல்களில், முகத்தின் நிழலுருவைக் கொண்டே குணத்தையும் அறிவையும் கணிக்கலாம் என்றார். 19ஆம் நூற்றாண்டில் முகக்கோணத்தை அளந்து மனித இனங்களையே உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தினர். அடையாளமாக இருந்த ஒன்றை அளவுகோலாக்கியதால் விளைந்த தீங்கு இது. இன்றைய அறிவியல் அக்கணிப்புகளை ஏற்பதில்லை.

வகுப்பறையில் நாமும் இப்பிழையைச் செய்வதுண்டு. 'முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, இவனுக்குப் படிப்பு ஏறாது' என்னும் சொல்லை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பர்! அச்சொல்லைச் சுமந்தே அவர்கள் வளர்கின்றனர்.

விட்டோரினோவின் பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில், தன் குருதியையே ஊட்டித் தன் குஞ்சுகளை வளர்க்கும் பெலிக்கன் பறவை உள்ளது. அவர் எத்தகையவர் என்பதை முன்பக்கத்து முகத்தைவிட அந்தப் பறவையே உணர்த்துகிறது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு மறுபக்கம் உண்டு. அதைத் திருப்பிப் பார்ப்பது நம் கடமை.

சிந்திப்போம், செயல்படுவோம்.