மேசையில் வைக்கப்படும் விதிகள்: நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வும் காரைக்காலும்

2020ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் ஒரு பதிவைத் திருத்தியது. அதுவரை எண்ணெய், எரிவாயு தொடர்பான ஆய்வு, மேம்பாடு, உற்பத்தி ஆகிய மூன்றும் ‘ஏ’ பிரிவில் ஒன்றாக இருந்தன. திருத்தத்துக்குப் பின் ஆய்வுக் கட்டம் மட்டும் பிரிக்கப்பட்டு ‘பி2’வுக்கு இறக்கப்பட்டது. ‘பி2’வில் வரும் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை. காவிரிப் படுகையில் ஒரு வயலோரம் ஆய்வுக் கிணறு தோண்ட வருபவர்கள் அந்த ஊராரைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு போயிற்று.

அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நடந்துகொண்டிருக்கும் பணிகளை அது தொடவில்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்குத் தடை போட்டது. நிலப்பக்கம் முழுவதும் அந்த மண்டலத்தால் சூழப்பட்ட காரைக்காலுக்கு மட்டும் இந்தத் தடை வந்து சேரவில்லை. அதே வண்டல், அதே அரசலாறு, அதே குறுவையும் சம்பாவும். ஆனால் நிர்வாகம் புதுச்சேரியுடையது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் காவிரிப் படுகைப் பணிகளை நடத்தும் அலுவலகமே காரைக்காலில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரை வேளாண் மண்டலத்தைப் பற்றியதன்று. மத்திய அரசின் கொள்கைகளையும் விதிகளையும் நாடாளுமன்றக் குழுக்கள் எப்படி ஆராய்கின்றன, அந்த ஆய்வு எங்கே தளர்ந்துபோகிறது என்பதே இதன் பொருள். ஒரு விதி ஒரு நிலத்தில் என்ன செய்யும் என்ற கேள்வியைக் கேட்கும் கடமை இன்றைய குழு அமைப்பில் எந்தக் குழுவிடமும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை என்பது என் வாதம். பெரிய மாநிலங்கள் அந்தக் குறையைத் தம் சட்டமன்றத்தாலும் பல நாடாளுமன்ற உறுப்பினர்களின் குரலாலும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. காரைக்காலுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால் குறை அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் இந்தப் பகுதிக்குப் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் ஐந்து தொகுதிகள்: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருமலைராயன்பட்டினம். மக்களவையில் புதுச்சேரி முழுமைக்கும் ஒரே உறுப்பினர், மாநிலங்களவையிலும் ஒருவர். 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் ஆகிய இரண்டிலும் சட்டமியற்றப் புதுச்சேரிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, எந்தப் பொருளிலும் நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் நாடாளுமன்றச் சட்டமே மேலோங்கும். 27ஆம் பிரிவின்படி ஆண்டு வரவு செலவுத் திட்டமே குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலைப் பெற்றுத்தான் அவைக்கு வர முடியும். தமிழகம் ஒரே மாதத்தில் செய்ததைப் புதுச்சேரி செய்ய நினைத்தாலும் கோப்பு டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு நாடாளுமன்றக் குழுவே முதலும் முடிவுமான சபையாகிவிடுகிறது.

அந்தக் குழுக்களில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் பதினேழாகத் தொடங்கி 2004இல் இருபத்துநான்காயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மானியக் கோரிக்கைகள், அனுப்பப்படும் மசோதாக்கள், ஆண்டறிக்கைகள், நீண்டகாலக் கொள்கைகள் ஆகியவை அவற்றின் வேலை. அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. மசோதாக்கள் அனுப்பப்படுவதே அருகிவருகிறது. பதினைந்தாம் மக்களவைக் காலத்தில் சுமார் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. பதினேழாம் மக்களவையில் சுமார் 16 விழுக்காடு. இந்தச் சரிவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். விதிகளும் அறிவிக்கைகளும் எந்தக் குழுவின் கண்ணிலும் படாமல் நழுவுவது பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. கடலோர மீனவருக்கும் கடைமடை விவசாயிக்கும் அன்றாடம் வாசலில் வந்து நிற்பவை அவைதாம்.

குழு முறை நன்றாக வேலை செய்த ஒரு நேர்வு இதே கடற்கரையைப் பற்றியது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குப் பதிலாகக் கடலோர மேலாண்மை மண்டலம் என்ற புதிய ஏற்பாட்டை 2008இல் அமைச்சகம் வரைவாக வெளியிட்டது. கடலிலிருந்து இத்தனை மீட்டர் என்ற அளவுகோலின் இடத்தில் வல்லுநர் வரையும் திட்டமும் வரைபடமும் வரும் என்றது வரைவு. சுனாமி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோய் நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களில் இந்த மாற்றம் வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாகத் தெரிந்திருக்க முடியாது. படகு ஏற்றிவைக்கும் மணல், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயவைக்கும் இடம் இவற்றுக்குப் பட்டா கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தாரின் வழக்கம்தான் அங்கே உரிமை. அளவுகோல் போய் வரைபடம் வந்தால், வரைபடத்தில் ஏறாத மணல் யாருடையது என்பதுதான் கேள்வி. 2008 மே, ஜூன் மாதங்களில் தேசிய மீன்பிடித் தொழிலாளர் பேரவை கட்ச் பகுதியின் ஜக்காவிலிருந்து கொல்கத்தா வரை கடலோரப் பயணம் நடத்தி இந்த வரைவை எதிர்த்தது.

வரைவு அறிவிக்கை என்பது மசோதா அன்று; எந்தக் குழுவுக்கும் அதைத் தானாக அனுப்பும் நடைமுறை கிடையாது. தமிழகத்தைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் மைத்ரேயன் தலைமையில் இருந்த அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனங்களுக்கான நிலைக்குழு அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு 2009 மார்ச்சில் அறிக்கை தந்தது. மீனவச் சமூகத்தின் நலனோடு உள்ள முரண்பாடுகளைத் தீர்க்காமல் இதை நடைமுறைப்படுத்தக் கூடாது என்பது அதன் பரிந்துரை. அதே ஆண்டு ஜூலையில் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான வல்லுநர் குழுவும் வரைவைக் காலாவதியாக விடச் சொன்னது, வரைவு காலாவதியாயிற்று. 2011 ஜனவரியில் வேறு அறிவிக்கை வந்தது.

குழுவால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. கடற்கரை நெடுகப் போராட்டம் நடந்தது. தேர்தல் முடிந்து புதிய அமைச்சர் வந்திருந்தார். ஆனால் போராட்டத்தின் குரல் அரசு மறுமொழி சொல்லியாக வேண்டிய ஆவணமாக மாறியது குழுவின் அறையில்தான். பரிந்துரைக்கு மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். மனு கொடுத்துவிட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் காத்துக்கிடப்பவருக்கு இந்தக் கடப்பாடு எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை. 2009இல் நடந்தது குழுத் தலைவரும் உறுப்பினர்களும் முனைந்ததால் நடந்தது. அவர்கள் முனையாமல் இருந்திருந்தால் கேட்பார் இல்லை.

விதிகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருப்பதை மறந்துவிடக் கூடாது. மக்களவையின் சார்நிலைச் சட்டங்களுக்கான குழு 1953 முதலும் மாநிலங்களவையின் குழு 1964 முதலும் இயங்குகின்றன. மக்களவைக் குழுவில் பதினைந்து பேர். அமைச்சர் உறுப்பினராக முடியாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் 26ஆம் பிரிவின்படி, அதன்கீழ் ஆக்கப்படும் விதிகள் ஒவ்வொரு அவையின் மேசையிலும் முப்பது நாள் வைக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் உடன்பட்டு அதை மாற்றாவிட்டால் விதி அப்படியே நிற்கும். அன்றைய அலுவல் பட்டியலில் ‘பின்வரும் ஆவணங்களை மேசையில் வைக்கிறேன்’ என்ற ஒரு வரியோடு ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பற்றிய விஷயம் முடிந்துவிடலாம்.

குழு எதைப் பார்க்க வேண்டும் என்பதை மக்களவை நடைமுறை விதி 320 சொல்கிறது. மூலச் சட்டத்தின் நோக்கத்துக்குள் விதி நிற்கிறதா, சட்டமாகவே வந்திருக்க வேண்டிய விஷயம் விதியில் நுழைந்திருக்கிறதா, வரி விதிக்கிறதா, நீதிமன்றத்தின் வழியை அடைக்கிறதா, பின்னோக்கிச் செல்கிறதா, அதிகாரத்தை வழக்கத்துக்கு மாறாகவோ எதிர்பாராத வகையிலோ பயன்படுத்தியிருக்கிறதா, வெளியிடுவதிலும் மேசையில் வைப்பதிலும் தாமதமா என்று போகிறது பட்டியல். பெரும்பாலும் சட்டக் கூறுகள் பற்றிய கேள்விகள். விதியின் கொள்கைத் தகுதி, யாரைப் பாதிக்கிறது, பாதிக்கப்படுபவரைக் கேட்டார்களா ஆகியவை அதில் நேராக இல்லை. ஆனால் ‘வழக்கத்துக்கு மாறாக’ என்ற கூறு ஒன்று போதும், குழு விரும்பினால். மூலச் சட்டம் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வந்தது. அதன் கீழ் கருத்துக்கேட்பை நீக்குவது அந்த அதிகாரத்தின் எதிர்பார்த்த பயன்பாடா என்று கேட்கலாம்.

இப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் இன்னொரு அறிவிக்கை சான்று. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 5(3), கட்டுப்பாடுகளை விதிக்குமுன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது; 5(4), பொதுநலன் கருதி அதைத் தள்ளுபடி செய்ய மத்திய அரசை அனுமதிக்கிறது. 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கின் முதல் வாரத்தில், சாலை, குழாய்ப் பாதை போன்ற திட்டங்களுக்கு மண் எடுப்பதற்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று இந்தத் தள்ளுபடியைக் கொண்டு ஓர் அறிவிக்கை வந்தது. நாடே முடங்கியிருந்தபோது அப்படி என்ன அவசரம், எந்தப் பொதுநலன் என்பதற்குக் காரணம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அந்த விலக்கை ரத்து செய்தது. தீர்ப்பு கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் குழு அறையில் முப்பதே நாளில் கேட்கக்கூடிய எளிய கேள்வி. நான்கு ஆண்டு எடுக்கப்பட்ட மண் திரும்பி வராது.

விதியின் கொள்கைத் தகுதியை யாரும் பார்க்காத இந்த இடைவெளியைப் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 2003இன் இறுதியில் தனிக் குழு அமைத்து நிரப்பியது. சட்டக் கூறுகளை இரு அவைகளின் கூட்டுக் குழு பார்க்க, இந்தக் குழு விதியின் கொள்கை முக்கியத்துவத்தைப் பார்க்கிறது. கலந்தாய்வு போதாது, விளக்கக் குறிப்பு போதாது என்று அவையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறது. நம்மிடம் இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். விதி 320இல் இரண்டு கூறுகள் சேர்த்தாலே ஆகும்: கலந்தாய்வு நடந்ததா, எந்தப் பகுதிக்கு விதி தனித்த பாதிப்பைத் தருகிறது.

இரண்டாம் கூறு ஏன் தேவை என்பதற்குக் காரைக்காலின் தண்ணீரே சாட்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு உறுதிசெய்த 7 டி.எம்.சி. காவிரி நீர் காரைக்காலின் பாசனத்துக்கானது, அது தமிழகத்தின் ஆறுகள் வழியே வந்தாக வேண்டும். அதை நடைமுறைப்படுத்தும் காவிரி நீர் மேலாண்மைத் திட்டம் 2018 ஜூன் 1இல் அரசிதழில் வந்தது; மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டத்தின் 6ஏ பிரிவின்படி அதுவும் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்பட வேண்டிய ஆவணமே. நான்கு தரப்பில் மிகச் சிறிய பங்குள்ள தரப்பு, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் தரப்பு, எப்படி அளந்து வாங்கும் என்ற கேள்வி அந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகத்தில் இன்னொரு வகைச் சிக்கல். அங்கே இறங்கும் நிலக்கரியின் தூசு பற்றி நாகூர் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் புதுச்சேரியுடையது. தூசு படியும் திண்ணை தமிழகத்துடையது. சுற்றுச்சூழல் அனுமதி டெல்லியுடையது. கப்பல் துறைக்கு ஒரு நிலைக்குழு, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, யூனியன் பிரதேசங்களுக்குப் பொறுப்பான உள்துறைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் அமைச்சகத்தைக் கேட்கும். எல்லைச் சாவடியின் இரு பக்கத்தையும் ஒரே நாளில் கேட்பவர் இல்லை.

சாட்சியம் எங்கிருந்து வரும் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. நிலைக்குழு பத்திரிகை விளம்பரம் கொடுத்துக் கருத்து கேட்கும்போது பதில் எழுதுவது யார்? அமைச்சகங்கள், தொழில் கூட்டமைப்புகள், டெல்லியில் அலுவலகம் உள்ள தன்னார்வ அமைப்புகள். கிராமப்புற உள்ளாட்சி அமைப்பான ஒரு கொம்யூன் பஞ்சாயத்து தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோயிற்று. காரைக்காலின் ஒரு நகராட்சியிலும் ஐந்து கொம்யூன்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாற்காலி 2011க்குப் பின் காலியாகவே இருந்துவந்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியே 1880இல் நகரமன்றங்களை அமைத்த மண் இது என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. அடியில் இந்தத் தட்டு இல்லாததால் மேலே குழுவுக்குப் போகும் தகவலும் அதிகாரிகளின் குறிப்பாகவே போகிறது. எந்த அதிகாரத்தை ஆராய வேண்டுமோ அதன் வாய்மொழியே சாட்சியமாகிறது.

இரண்டு லட்சம் பேருக்காக முப்பத்தொரு உறுப்பினர்கள் நேரம் செலவிட வேண்டுமா என்று கேட்கலாம். புதுச்சேரியின் மற்ற சிறு பகுதிகளான யானம், மாஹே ஆகியவற்றையும் சேர்த்தாலும் எண்ணிக்கை பெரிதாகாது. ஆனால் புதுச்சேரிக்குத் தனி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நிதி ஆணையத்தின் வரம்புக்குள் வராததால் அதற்கான மத்திய உதவி உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளோடு வருகிறது. ஆண்டுதோறும் வரவு செலவுத் தொடரின் இடைவேளையில் உள்துறை நிலைக்குழு அதை ஆராய்கிறது. தொகையைப் பார்க்கும் அதே அமர்வில், அந்த ஆண்டு புதுச்சேரியின் பகுதிகளுக்குப் பொருந்திய மத்திய விதிகளின் பட்டியலை அமைச்சகம் தர வேண்டும் என்று குழு கேட்டால், சட்டத் திருத்தம் ஏதும் வேண்டாம். குழுக்களுக்கு ஆய்வுப் பயணம் செல்லும் வழக்கமும் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக்கிடக்கும். பஞ்சாயத்தார் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். கோடைப் பயணம் ஒன்றைக் காரைக்காலில் வைத்து, நாகூரிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் வருபவர்களையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் தமிழில் சொன்னதைச் சொன்னபடியே சாட்சியத் தொகுதியில் ஏற்றலாம்.