இதயத்தின் நடுச்சுவர்: இப்னு அந்நபீஸ் பற்றிச் சில குறிப்புகள்

'கல்பு' என்ற சொல்லை நமது இலக்கியம் கையாண்ட அளவுக்கு, அந்த உறுப்பு செய்யும் வேலையை அறிவதில் நாம் அக்கறை காட்டவில்லை. "குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்" என்று மேடைகளில் மட்டும் முழங்குகிறோம். அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை, சொன்னது ஏன் நம்மிடம் தங்கவில்லை? ஒலுவிலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற வகையில் இம்மூன்று கேள்விகளும் என்னை விடுவதில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கலெனை அறபிகள் ஜாலீனூஸ் என்றனர். ஈரலில் உண்டாகும் குருதி நாளங்கள் வழியே உறுப்புகளுக்குப் போய் அங்கேயே செலவாகிறது என்பது அவர் கொள்கை. நமது வயல் வாய்க்கால் போலத்தான். பாய்ந்த தண்ணீர் வயலோடு முடிந்தது. வலப்பக்கக் குருதியில் ஒரு பங்கு, இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளால் இடப்பக்கம் கசிகிறது என்றும் அவர் சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அதை நம்பியிருந்தது.

1213இல் டமஸ்கஸ் பகுதியில் பிறந்து, கெய்ரோவில் வைத்தியராக விளங்கி, 1288இல் மறைந்தவர் இப்னு அந்நபீஸ். இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல், தமது 29ஆம் வயதில், விளக்கவுரை எழுதினார். நடுச்சுவர் தடித்தது, அதில் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று அதில் உறுதியாக மறுத்தார். வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கம் வரவேண்டும் என்றார். மதிப்புக்குரிய ஆசானின் நூலுக்கு உரை எழுதிக்கொண்டே அந்த ஆசானை மறுத்தார் என்பதே இங்கு முக்கியம். ஷரீஅத்தும் இரக்கமும் தம்மை உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தடுத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். அறுத்துப் பார்த்தால் முன்னோர் கூற்று பொய்யாகும் என்றும் அதே நூலில் வாதிடுகிறார். ஆய்வாளர்கள் இந்த முரணை இன்னும் விவாதிக்கின்றனர்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் குர்பானி மாட்டின் இதயமொன்றை வகுப்பில் பிளந்து காட்டுவது என் வழக்கம். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலது இதயவறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் குருதியைத் தள்ளுகிறது. இடது அறை முழு உடலுக்கும் தள்ளுவதால் அதன் சுவர் மிகத் தடிப்பு. போன குருதி திரும்பாமல் வால்வுகள் மறிக்கின்றன. பிள்ளைகள் ஈர்க்கிலால் நடுச்சுவரில் வழி தேடுவார்கள், கிடைப்பதில்லை. ஆட்டுக்கும் மனிதனுக்கும் நம் கடலில் தலைகாட்டும் திமிங்கிலத்துக்கும் இதே அமைப்புத்தான்.

ஆனால் உடல் முழுதும் குருதி சுற்றி வருவதை இப்னு அந்நபீஸ் சொல்லவில்லை. 1628இல் அதை நிறுவியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவர் போட்ட கணக்கை இன்றைய எண்களில் சொல்வதானால், ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஏறக்குறைய 5 லீற்றர். உடலிலுள்ள மொத்தக் குருதியும் அவ்வளவே. ஒரு மணித்தியாலத்தில் 300 லீற்றர் குருதியை எந்தச் சாப்பாடு உண்டாக்கும்? ஆகவே போனதே திரும்பி வருகிறது. நாடியையும் நாளத்தையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661இல் மல்பீகி நுணுக்குக்காட்டியால் கண்டார். ஹார்வி நம்மவரிடம் திருடினார் என்பதற்குச் சான்றில்லை. சான்றில்லாத பெருமை நமக்கு வேண்டாம்.

நம்முடைய வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 1924இல் ஜேர்மனியில் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பேர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தபோதே உலகம் இதை அறிந்தது. இடையில் 682 ஆண்டுகள்.

இதயத்துக்கு உணவு அதன் சுவரில் ஓடும் குழாய்களாலேயே கிடைக்கிறது என்பதும் இப்னு அந்நபீஸின் கூற்று. அறைகள் நிறையக் குருதி இருந்தாலும் முடியுரு நாடி அடைபட்டால் இதயத்தசை பட்டினியால் சாகும். 2013இல் திறந்த நமது துறைமுகத்திலும் இதைத்தான் கண்டோம். கரையோரம் ஓடிய மணலை அலைதடுப்பு மறித்தது. துறைமுக வாயில் மணல் நிறைந்தது, வடக்கே மணல் கிடைக்காத கரையைக் கடல் தின்றது. கையிருப்பு எவ்வளவு இருந்தென்ன, ஓட்டம் வேண்டும்.

அறிவுக்கும் அதுவே விதி. இந்தக் கரையூர்களில் அறபுத் தமிழில் எழுதிய வைத்திய ஏடுகள் பரிகாரிமார் வீடுகளில் இருந்தன. 2004 சுனாமி வீடுகளோடு பெட்டிகளையும் கொண்டு போயிற்று. எஞ்சியதை வைத்திருப்போர் பூட்டி வைப்பதை விட்டு, ஒருமுறை படமெடுத்து ஒலுவிலிலேயே இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். அதில் சரியும் இருக்கும், பிழையும் இருக்கும். படிக்கிறவன் கைக்குப் போனால்தான் எது எதுவென்று தெரியவரும்.