பக்கவாதம்: 4.5 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்குகிறது? போடி மலைப்பகுதி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கையில் இருந்த டம்ளர் நழுவுகிறது. பேச்சு குழறுகிறது. 'காத்து அடிச்சிருச்சு, எண்ணெய் தேய்ச்சுப் படுக்க வைங்க, காலையில பாத்துக்கலாம்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்ட்ரோக் எனப்படும் பக்கவாதத்தில் காலை வரை காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

ஏன் இவ்வளவு அவசரம்?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை பக்கவாதம், வெடித்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. பெரும்பாலானவை அடைப்புதான். சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் மூளை செல்கள் அழிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பு என்றால், குழாய்க்குள் கருவியைச் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையும் உண்டு. அதற்கு 6 மணி நேரம், சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை வாய்ப்பு.

எந்த வகை என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதனால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ரத்தக்கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். தண்ணீர், சோறு எதுவும் வேண்டாம், புரையேறிவிடும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்?

பலரும் தவறவிடுவது இதைத்தான். அறிகுறியைக் கண்ட நேரம் கணக்கல்ல. அவர் கடைசியாக நல்லா இருந்த நேரம்தான் கணக்கு. இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவருக்குக் காலை 5 மணிக்குக் கை வரவில்லை என்றால், டாக்டர் 10 மணியிலிருந்துதான் எண்ணுவார். அதற்காக 'நேரம் போயிருச்சு' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இப்படி எழுந்தவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடும் வழி இருக்கிறது.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வர வேண்டும். போடிமெட்டில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். போடியில் இருந்து தேனி சுமார் 15 கி.மீ., அதையும் தாண்டி க.விலக்கில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எனவே வண்டி ஏறும்போதே 108-க்கு போன் போட்டு, சி.டி. ஸ்கேன் வசதி அருகில் எங்கே என்று கேட்பது நல்லது. கேரளப் பகுதியிலும் 108 தான். ஸ்கேன் இல்லாத இடமாக ஏறி இறங்கினால் நேரம்தான் வீண்.

யாருக்கு வருகிறது?

வயசானவங்க நோய் என்ற எண்ணம் சரியல்ல. வளைகுடா மருத்துவமனைகளைப் பாருங்கள். கத்தாரில் பக்கவாதத்தோடு சேர்க்கப்படுபவர்களில் கணிசமானோர் வேலைக்குப் போன தெற்காசிய ஆண்கள். அங்குள்ள அரபு நோயாளிகளைவிட இவர்களுக்கு வயது குறைவு. நம்மூர் ஆட்களும் அந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். ஆனால் இத்தகைய கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே பதிவேட்டில் இருப்பார்கள். வீட்டிலேயே இறந்தவரும், லேசாக வந்து தானாகச் சரியானவரும் அதில் இல்லை. மலையில் இருந்து இறங்காதவர்களும் அப்படித்தான்.

தானாகச் சரியானாலும் சும்மா விடக் கூடாது. சில நிமிடம் கை மரத்து, பேச்சு குழறிச் சரியாவது அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரலாம் என்பதற்கான எச்சரிக்கை.

32 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, தவிர்க்கக்கூடிய 10 காரணங்களே சுமார் 90 சதவீத பாதிப்புக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னது. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. சர்க்கரை, புகை, மது எல்லாம் பிறகுதான். பிரஷர் வலிக்காது என்பதுதான் சிக்கல். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பகலில் தோட்டத்தில் இருப்பவர்கள், வீட்டில் இருப்பவரிடம் வாங்கி வைக்கச் சொல்லலாம்.