நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? பேஸ் கிடாரின் கதை

பேஸ் கிடார் வாசிக்கும் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். பேட்டரி போட்ட 'ஆக்டிவ்' வகை ஐந்து தந்தி பேஸ் நல்லதா, அல்லது பேட்டரியே இல்லாத பழைய நான்கு தந்தி பேஸ் போதுமா? "நான்கு தந்தியில் வாசிக்க முடியாத பாட்டு எது, சொல்லு பார்ப்போம்" என்பார் ஒருவர். "இன்னும் 1950களிலேயே இருக்கிறீர்களே" என்பார் இன்னொருவர். இந்தச் சண்டையின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. பேட்டரி இல்லாத பேஸைப் பிரபலமாக்கியவரும், பேட்டரி போட்ட பேஸைச் சாதாரணக் கடைகளுக்குக் கொண்டுவந்தவரும் ஒரே ஆள்தான்!

அவர் பெயர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது என்பது கூடுதல் தகவல். அந்தக் காலத்தில் பேஸ் என்றால் ஆள் உயரம் நிற்கும் டபுள் பேஸ்தான். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் அதன் சத்தம் காணாமல் போய்விடும். 1951-ல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இந்தச் சிக்கல்களைத் தீர்த்தது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆம்ப்ளிஃபையரில் செருகலாம். விரல் பலகையில் ஃப்ரெட்கள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், பெயர்க் காரணமும் அதுதான். தந்திகள் நான்கு, டபுள் பேஸில் உள்ள அதே சுருதிகள். கீழ் 'ஈ' தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ்.

இதன் உள்ளே இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே. இதைத்தான் 'பாசிவ்' என்கிறார்கள். டோன் குமிழைத் திருப்பினால் ஒலியின் கூர்மையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

இந்த எளிய கருவியை வைத்து என்ன செய்ய முடியும் என்று காட்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960களில் வாசித்தவர். ஒரு 1962 பிரிசிஷன், வழவழப்பான பழைய தந்திகள், வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அவ்வளவுதான் சரக்கு! தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். மோடவுனின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு அடியில் ஓடுவது அவர் வாசிப்பு. ஆனால் இசைத்தட்டு உறையில் பெயர் இருக்காது. மார்வின் கேயின் 1971 ஆல்பமான 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் பெயர் வந்தது.

இதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. பாசிவ் பேஸின் மின்சைகை பலவீனமானது, நீளமான கேபிளில் போகும்போது கூர்மையை இழந்துவிடும். கருவிக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் சிறிய ப்ரீஆம்ப் வைத்தால் சைகை வலுவாகக் கிளம்பும், தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம். 1970களின் தொடக்கத்தில் அலெம்பிக் நிறுவனம் இப்படிச் செய்தது. ஆனால் அவை கையால் செய்த, விலை உயர்ந்த கருவிகள்.

ஃபெண்டர் தன் கம்பெனியை 1965-லேயே சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றிருந்தார். பிறகு மியூசிக் மேன் என்ற புதுக் கம்பெனியில் சேர்ந்து, 1976-ல் ஸ்டிங்ரே பேஸை வெளியிட்டார். நான்கு தந்தி, உள்ளே 9 வோல்ட் பேட்டரி. ஆக்டிவ் பேஸ் தொழிற்சாலைச் சரக்கானது அப்போதுதான். வாசிக்கும்போது பேட்டரி தீர்ந்தால் ஒலியும் போய்விடும் என்ற புதுக் கவலையும் கூடவே வந்தது.

ஐந்தாவது தந்தியின் கதை வேறு. ஃபெண்டர் நிறுவனமே 1965-ல் ஐந்து தந்தி பேஸ் ஒன்றை விற்றுப் பார்த்தது. கூடுதல் தந்தி மேல் பக்கம், உச்ச 'சி'. யாரும் சீந்தவில்லை, சில வருடங்களில் நின்றுபோனது. 1976 வாக்கில் ஜிம்மி ஜான்சன் என்ற கலைஞர் அலெம்பிக் ஐந்து தந்தி பேஸில் கீழ் பக்கம் 'பி' தந்தியைப் போட்டார். சுமார் 31 ஹெர்ட்ஸ். இந்தத் தந்திதான் நிலைத்தது. காரணம் சிந்தசைஸர். கீபோர்டில் வாசிக்கும் பேஸ் 'ஈ'க்குக் கீழேயும் சர்வசாதாரணமாக இறங்கியது. அதோடு போட்டி போட, பேஸ் வாசிப்பவர்களும் கீழே இறங்க வேண்டியிருந்தது. தடித்த 'பி' தந்தி வழக்கமான 34 அங்குல நீளத்தில் தொளதொளக்கும், ஒலி தெளியாது. அதனால் சிலர் நீளத்தை 35 அங்குலமாக்கினார்கள். பலர் ஆக்டிவ் ப்ரீஆம்பின் துணையை நாடினார்கள். ஐந்து தந்தியும் பேட்டரியும் ஜோடி சேர்ந்தது இப்படித்தான். 1987-ல் ஸ்டிங்ரேயும் ஐந்து தந்தியோடு வந்தது.

இந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் ஜேமர்சன். 1972-ல் மோடவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. அவரும் போனார். புதுத் தந்தி போடுங்கள், புது மாதிரி வாசியுங்கள் என்றார்கள். அவர் மசியவில்லை. வேலை குறைந்தது, குடி கூடியது. 1983 மார்ச்சில் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா. மைக்கேல் ஜாக்சன் மேடையில் முதன்முதலாக மூன்வாக் ஆடிய அதே விழா. ஜேமர்சன் பிளாக்கில் டிக்கெட் வாங்கி, பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ல் இறந்தார். வயது 47.

அந்த வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது பால் யங் பாடிய 'வேர்எவர் ஐ லே மை ஹேட்'. மார்வின் கே மோடவுனில் பாடிய பழைய பாட்டு அது. புதுப் பதிவில் பேஸ் வாசித்தவர் பினோ பல்லடினோ. கையில் ஃப்ரெட் இல்லாத ஸ்டிங்ரே, அதாவது ஆக்டிவ் பேஸ். பழசு தோற்றது, புதுசு ஜெயித்தது என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம் போலிருக்கும்.

ஆனால் கதை முடியவில்லை. டி'ஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பம் 2000-ல் வந்தது. அதில் பேஸ் வாசித்தவரும் இதே பல்லடினோதான். இந்த முறை எடுத்தது பேட்டரி இல்லாத பழைய பிரிசிஷன், வழவழப்பான தந்திகள். ஜேமர்சனின் அதே சாமான்கள்! அதே 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஜேமர்சனைச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே, கீழ் 'பி' வேண்டிய பாட்டுக்கு நான்கு தந்திக்காரர் திண்டாடத்தான் வேண்டும். அதற்காக நான்கு தந்தி காலாவதியான சரக்கு என்று யாராவது சொன்னால், லாஸ் ஏஞ்சலஸில் ஜேமர்சனிடமும் அதைத்தான் சொன்னார்கள் என்பதை நினைவூட்டலாம். பிரிசிஷன், ஸ்டிங்ரே இரண்டும் இன்றும் கடைகளில் விற்கின்றன. இரண்டுக்கும் பின்னால் இருந்த லியோ ஃபெண்டர் 1991-ல் காலமானார். பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியவில்லை.