பரேலும் குன்னூரும்: ஒரு மருந்தின் வரலாறு

உணவையும் மருந்தையும் இருவேறு துறைகளாகப் பிரித்துக் காணாத மரபு நம்முடையது. திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரையேனும் கூறினாரல்லர். முன்னர் உண்டது செரித்ததா என நோக்குதலையும் பசியின் எல்லை கடவாமையையுமே அங்கு முதன்மையாக வைத்தார்.

இன்றோ மாதுங்காச் சந்தையில் கீரைக்கட்டு வாங்கித் திரும்பும் நம் வீட்டாரை, அடுத்த மருந்துக் கடையில் சத்து மாத்திரைக் குப்பிகளும், குடலுக்கு நலம் செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கியன என்னும் தூள்களும் அழைக்கின்றன. இவற்றுள் எது தேவை, எது வீண்செலவு என்னும் ஐயம் எல்லார்க்கும் உண்டு. அதனைத் தெளிய வரலாறு துணை செய்யும். அவ்வரலாற்றின் சிறந்த பகுதி ஒன்று, மாஹிமில் வாழும் நமக்குச் சில கல் தொலைவிலேயே உள்ள பரேலில் எழுதப்பட்டது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

மலேயாவின் சோற்றுப் பானை

கதை கடல் கடந்த தமிழரிடம் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரை வாட்டியது. கால்கள் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து மடிந்தவர்களுள் பெரும்பாலோர் வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர். அதே நாட்டில் உழைத்த தமிழரை அந்நோய் அவ்வளவாக அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் பிளெட்சர் என்பவர் 1905-06இல் இருவகை அரிசியையும் இரு பிரிவினர்க்கு அளித்து நோக்கியபோதும் இவ்வுண்மையே புலனாயிற்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சும். உயிர்ச்சத்து என்னும் சொல்லே பிறவாத நாளில், நெல் அவித்த நம் பாட்டியர் அச்சத்தைக் காத்துத் தந்தனர்.

குன்னூரின் எலிகள்

ஆயினும் பழம்பெருமை பேசி அமைவதற்கு இடமில்லை. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் 1918இல் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவு நரம்பை மட்டுமன்றி இரைப்பையையும் குடலையும் சிதைக்கும் என்பதை விலங்குகளின்வழி ஆராய்ந்து 1921இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். உணவு கெட்டால் குடல் கெடும்; குடல் கெட்டால் உண்ணும் நல்லுணவும் பயன்படாது. இவ்விரட்டைத் துன்பத்தை முதலில் உணர்த்தியவருள் அவர் ஒருவர்.

பின்னர் அவர் இந்திய மக்கள் பலரின் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி எடை பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எய்தி முதலிடம் பெற்றன. மராத்தியர் உணவுக்கு மூன்றாம் இடம். சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகளோ 155 கிராமோடு கடைசியில் நின்றன. சோற்றைப் பெருக்கிப் பாலையும் காயையும் சுருக்கிய வறுமைத் தட்டின் அளவீடு அது. மலேயாவில் நம்மைக் காத்த பானையே, தனித்து நின்றால் போதாது என்பதைக் குன்னூர் காட்டிற்று.

பரேலில் ஒரு பெண்மணி

1899இல் பிளேக் ஆராய்ச்சிக்கூடமாகப் பரேலின் பழைய ஆளுநர் மாளிகையில் அமைந்த நிறுவனம், 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. வால்டெமர் ஹாஃப்கின் என்பார் எலீ மெச்னிக்காஃப் என்னும் பேரறிஞரின் மாணவர். 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிக்காஃப், குடலில் அழுகலை விளைக்கும் கிருமிகளைத் தயிரிலுள்ள நற்கிருமிகள் அடக்கும் என்றும், அதனால் ஆயுள் நீளும் என்றும் கருதியவர். இன்று கடைகளில் விற்கும் நுண்ணுயிர்த் தூள்களின் மூலக்கருத்து அவருடையதே.

அந்நிறுவனத்திற்கு 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி வந்தார். பம்பாயின் துணியாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்கள் பலர் இரத்தம் குன்றி, வெளிறி, பேற்றுக் காலத்தில் உயிரிழந்து கொண்டிருந்தனர். அவர்தம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. காரணம் கண்டறிவதே வில்ஸ் ஏற்ற பணி. அவர் நுண்பெருக்கியோடு நின்றுவிடவில்லை. பல்வேறு நிலைப் பெண்கள் என்ன உண்கின்றனர் என்பதையும் கணக்கெடுத்தார். உணவு எளியதாகக் குறுகக் குறுக நோய் மிகுவதைக் கண்டார்.

1929இல் குன்னூரிலும் 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணிக் கோஷா மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். ஏழைப் பெண்களின் உணவையே எலிகளுக்கு ஊட்டியபோது, பேனால் பரவும் ஒரு கிருமி குறுக்கிட்டுக் குழப்பம் விளைத்தது. எனவே குரங்குகளுக்கு அவ்வுணவைத் தந்தார். அவையும் இரத்தம் குன்றின. அவற்றைத் தேற்றியது மார்மைட் என்னும் மலிவான உணவுச்சாறு. மதுவடிசாலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து பிழிந்தெடுத்த அச்சாற்றைத் தாய்மார்க்கு அளித்தபோது அவர்களும் தேறினர். 1931இல் இம்முடிவு வெளியாயிற்று. கிருமி ஆராய்ச்சிக்கென எழுந்த மாளிகையில், ஒரு நுண்ணுயிரின் உடற்சாறே தாய்மாரின் உயிர் காக்கும் மருந்தாயிற்று.

இலையிலிருந்து மாத்திரை

அச்சாற்றிலிருந்த அறியாப் பொருளை 'வில்ஸ் காரணி' என்றனர். 1941இல் அமெரிக்க அறிஞர் பசலையினக் கீரையிலிருந்து அதே இனச் சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பம்பாயின் வறிய தாய்மாரிடம் தொடங்கிய தேடல் சென்னையில் கற்ற ஒருவரின் கையில் நிறைவெய்தியது.

1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, கருவுறுமுன்னும் கருவின் தொடக்கத்திலும் ஃபோலிக் அமிலம் உண்பது, சிசுவின் மூளை, தண்டுவடக் குறைகளைப் பெரிதும் தடுக்கும் என்று நிறுவியது. நம் நாட்டில் 1970 முதலே கருவுற்றோர்க்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசுத் திட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது.

குடலும் கலமும்

உணவிலுள்ள ஃபோலிக் இனச் சத்தை ஏற்பது சிறுகுடலின் சுவர். அது கெட்டால் கீரையும் பயனற்றுக் கழியும். 1960களில் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஸ்புரூ என்னும் நீடித்த வயிற்றுப்போக்கு பரவியபோது, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஆதலின் தூய குடிநீரும் கழிவகற்றலும் சத்துணவின் பகுதியே. குழாயடியில் காத்து நிற்கும் தாராவித் தாய்க்கு இது நூலறிவன்று. நாள்தோறும் காணும் உண்மை.

நம் அடுக்களையிலும் துணை உண்டு. உளுந்தும் அரிசியும் இரவில் புளிக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் மாவைப் பொங்கச் செய்து செரிமானத்தை எளிதாக்குகின்றன. தயிரும் பழஞ்சோறும் அவ்வினத்தனவே. இவை எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆனால் விலையுயர்ந்த தூள் வாங்குமுன் எண்ணிப் பார்க்கத் தக்கன.

அதற்காக மாத்திரையை இகழ்தலும் தவறு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றவர். 1982இன் பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆலைத் தாய்மாரைப் பற்றிய நோய் மறையவில்லை. இல்லாததை ஈடுசெய்யும் மாத்திரை உயிர்காக்கும். இருப்பதன்மேல் குவிக்கும் மாத்திரை பணத்தையே கரைக்கும். பி12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்ற, நரம்பு மறைவில் நலியும். எனவே மருத்துவர் சொற்படி உண்பதே முறை.

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நாம் மொழியைக் காக்கச் சங்கம் கண்டோம். அச்சங்கத்தின் மகளிர் கூட்டங்களில் ஒரு நாளேனும், கருவுற்ற நம் சகோதரியர் மாத்திரையைத் தவறாது உண்கின்றனரா, வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதைத்தான் உண்கின்றனரா என்று கேட்போமாக. பரேலில் லூசி வில்ஸ் கேட்டதும், தாய்மாரின் கலத்தில் என்ன இருக்கிறது என்னும் அந்த எளிய கேள்வியே.