கலாசாலை முற்றத்தில் கலைமகள்

தமிழகத்தை விட்டு வங்காளத்தில் குடியேறிய நம்மவர்க்கு ஆண்டுதோறும் ஒரு வியப்பு காத்திருக்கும். நாம் நவராத்திரியின் முடிவில் ஏடுகளை அடுக்கிக் கலைமகளை வணங்குகிறோம். அங்கோ மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில்தான் அவ்வழிபாடு. அதுவரை இலந்தைப் பழத்தை வாயில் வைக்கலாகாது என்பது வங்க மாணவரின் நெடுநாள் வழக்கம். பள்ளிகளிலும் விடுதிகளிலும் அவர்களே முன்னின்று பூஜையை நடத்துவர். இத்துணை இனிய வழக்கம் 1928-இல் கல்கத்தா நகரையே இரு கட்சியாக்கியது.

சிட்டி கலாசாலை பிரம்ம சமாஜத்தாரின் நிறுவனம். உருவ வழிபாட்டை ஏற்காதது அச்சமாஜம். மாணவர் விடுதியும் ராம்மோகன் ராயின் பெயரையே தாங்கியிருந்தது. அவ்விடுதியில் சரஸ்வதி பூஜை நடத்த இந்து மாணவர்கள் விழைந்தனர், நிர்வாகம் மறுத்தது. மாணவர்க்குத் துணையாக சுபாஷ் சந்திர போஸ் நின்றார். கலாசாலைக்கு ஆதரவாக ரவீந்திரநாத் தாகூர் எழுதினார். விடுதியில் வாழ்பவன் தன் தெய்வத்தை வணங்க உரிமையுடையவன் என்பது ஒரு கட்சி. ஒரு கொள்கைக்காக எழுப்பிய இல்லத்தில் அதற்கு மாறானதை வற்புறுத்திச் செய்விப்பது சுதந்திரமாகாது என்பது மறு கட்சி. பூசல் முற்றி மாணவர் பலர் விலகினர், வருவாய் குன்றியது, இளைய ஆசிரியர் சிலர் வேலையிழந்தனர். பின்னாளில் வங்கக் கவிஞருள் முதல் வரிசையில் வைக்கப்பெற்ற ஜீவனானந்த தாஸ் அவர்களுள் ஒருவர். வழக்கு எவருடையதோ, அடி விழுந்தது இவர் வயிற்றில்!

தாகூரின் கட்சியே நமக்கு வலிவுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் வலிவெல்லாம் அந்த இல்லம் ஒரு சமாஜத்தாருடையது என்பதில் அடங்கியிருந்தது. எல்லாருடைய வரிப்பணத்திலும் எழுந்த பள்ளியானால் என் செய்வது? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை இதை ஆராய்ந்தது. ஒரு சமயத்தை வளர்க்க வரி விதிக்கலாகாது என்று விதித்த பின், வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு சமயத்தைப் போதிப்பது முரண்பாடு என்று அம்பேத்கர் விளக்கினார். அதன் விளைவே 28-ஆவது ஷரத்து. முழுதும் அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சிறுவரைப் பெற்றோரின் இசைவின்றிப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது.

சொற்களை எடைபோட்டே பிழைக்கும் நாம் இங்குச் சற்றுத் தயங்க நேர்கிறது. முதற் பிரிவில் உள்ளது ‘போதனை’ மட்டுமே. ‘வழிபாடு’ மூன்றாம் பிரிவில்தான் வருகிறது. ‘பண்டிகை’ என்னும் சொல் எங்குமே இல்லை. கோலமும் சுண்டலும் போதனையா, வழிபாடா, அன்றி வெறும் மகிழ்ச்சியா? அதை அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியரே தீர்மானித்து வருகிறார்.

ஊர் ஊராக மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் மக்களுக்கென 1963-இல் தொடங்கப்பெற்றவை கேந்திரிய வித்யாலயங்கள். நம் குழந்தைகள் பலர் பயில்வதும் அங்கேதான். அங்கே காலையில் சொல்லப்பெறும் சமஸ்கிருதப் பிரார்த்தனை இந்த ஷரத்துக்கு ஒக்குமா என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், இதைப் பெரியதோர் அமர்வே ஆராய வேண்டுமெனக் கூறி அனுப்பிவைத்தனர்.