திருநெல்வேலி இலையும் கொழும்பின் பேதி மருந்தும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் நிலவாகை என்றும் நிலாவரை என்றும் கேட்டு வாங்கும் இலைக்கு, ஆங்கில மருந்துலகில் ஒரு தமிழ் ஊரின் பெயர் உண்டு. ‘தின்னவெல்லி சென்னா’ என்பதே அது. திருநெல்வேலியை வெள்ளையர் உச்சரித்த விதம் அப்படி!

இச்செடியின் பூர்வீகம் அரேபியாவும் ஆபிரிக்காவும் ஆகும். ‘சனா’ என்ற அரபுச் சொல்லே சென்னா ஆயிற்று. எகிப்தின் துறைமுகம் வழியாகச் சென்ற இலை அலெக்சாண்ட்ரியா சென்னா எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலங்களில் விளைந்தது மற்றையது. இரண்டும் ஒரே இனமே என்பது இன்றைய தாவரவியலாளர் பலரின் முடிவு.

தூத்துக்குடியே அதன் ஏற்றுமதித் துறை. அங்கிருந்து கொழும்பு ஓரிரவுக் கப்பற் பயணம்தான். புறக்கோட்டை காபோஸ் லேனின் நாட்டு மருந்துக் கடைகள் இத்தகைய சரக்குகளுக்குப் பெயர் பெற்றவை. பிள்ளைகளுக்குக் காலந்தோறும் பேதி கொடுக்கும் வழக்கத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இலையின் இரகசியம் 1941இல் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் அதிலிருந்து சென்னோசைடு என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இது சிறுகுடலில் பெரிதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மாற்றிய பின்னரே வேலை தொடங்கும். குடற்சுவர் தூண்டப்பட்டு அசைவு மிகும். நீர் உறிஞ்சப்படுவது குறையும். இதற்கு 6 முதல் 12 மணி நேரம் செல்வதால்தான் இரவில் அருந்துகிறோம்.

மூலிகைதானே, தீங்கில்லை என்ற எண்ணமே எனக்குக் கவலை தருகிறது. உடல் மெலியும் தேநீர் என்று விற்கப்படும் பொதிகள் பலவற்றிலும் இதே இலை உண்டு. அதனால் இழக்கப்படுவது கொழுப்பன்று, நீரும் உப்புகளுமே. நாள்தோறும் அருந்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். டிகொக்சின் என்ற இதய மருந்தோ, சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ எடுக்கும் முதியவருக்கு இது இதயத் துடிப்பையே குழப்பக்கூடும்.

ஆகவே வைத்திய ஆலோசனையின்றி ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, குடலடைப்பு இருப்பின் தொடவே கூடாது. சிறுவர்க்கும் கர்ப்பிணிகட்கும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கலாகாது. மலத்தில் இரத்தம் கண்டால் நிறுத்திவிட்டு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். சிறுநீர் சற்றுச் சிவந்தால் மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. அது இலையின் நிறமே.